அமெரிக்காவில் லைஃப்லைன் தொலைபேசிச் சலுகை: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாதம் 9 டாலர் 25 சென்ட். குறைந்த வருமானமுள்ள குடும்பத்தின் தொலைபேசி அல்லது இணையக் கட்டணத்துக்கு அமெரிக்க மத்திய அரசு லைஃப்லைன் திட்டத்தின் வழியாகத் தரும் தள்ளுபடி இவ்வளவுதான். பெரிய தொகை இல்லை. ஆனால் சில கைபேசி நிறுவனங்கள் அந்த 9.25 டாலரையே முழுக் கட்டணமாக வைத்துக்கொண்டு, நம்மிடம் ஒரு காசும் வாங்காமல் இணைப்புத் தருகின்றன. வேலைக்கு மனுப் போட்டுவிட்டு அழைப்புக்காகக் காத்திருப்பவருக்கும், மருத்துவரிடம் நேரம் கேட்டு வைத்திருப்பவருக்கும் சொந்தமாக ஓர் எண் இருப்பதன் அருமை தெரியும்.

சனிக்கிழமைகளில் எங்கள் பகுதிப் பொது நூலகத்தில் உட்கார்ந்து, வருகிற தமிழ்க் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்ப உதவுகிறேன். தகுதி இல்லாமல் திரும்பிப் போனவர்களை அங்கே பார்த்திருக்கிறேன். அவர்களைவிட, தகுதி இருந்தும் பெயர் பொருந்தாமல் திரும்பியவர்களையும், கிடைத்த இணைப்பை ஓரிரு மாதத்தில் பறிகொடுத்தவர்களையும்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் இங்கே பெயர், முகவரி, இணைப்பைக் காப்பாற்றிக்கொள்வது ஆகிய மூன்றுக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

இது யார் பணம்?

ஏடி அண்ட் டி என்ற பெரும் நிறுவனம் 1984-இல் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. அதையொட்டி ஒவ்வொரு வீட்டுத் தொலைபேசிக் கட்டணத்திலும் ஒரு நிலையான மாதாந்திரத் தொகை சேர்ந்தது. அந்தச் சுமையால் ஏழை வீடுகள் தொலைபேசியையே துண்டித்துவிடுமோ என்ற கவலையில், எஃப்.சி.சி. எனப்படும் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம் 1985-இல் லைஃப்லைனைத் தொடங்கியது. அப்போது அதிபர் ரீகன். கைபேசிக்கும் அதை நீட்டிக்கும் வழி 2005-இல் திறந்தது. அப்போது அதிபர் புஷ். அப்படியும் 'ஒபாமா போன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைக்காரர் அப்படிச் சொன்னால் குழம்பாதீர்கள், இதைத்தான் சொல்கிறார். 2016-இல் இணைய இணைப்பும் திட்டத்துக்குள் வந்தது.

பணம் வரி வருவாயிலிருந்து வருவதில்லை. தொலைபேசி நிறுவனங்கள் மாநிலம் கடந்த அழைப்புகளிலும் பன்னாட்டு அழைப்புகளிலும் ஈட்டும் வருவாயில் ஒரு பங்கை 'யூனிவர்சல் சர்வீஸ்' நிதிக்குக் கட்ட வேண்டும். அந்த விகிதம் காலாண்டுக்கு ஒருமுறை மாறும். 2025-இல் அது 36 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. நிறுவனங்கள் அதை வாடிக்கையாளர் தலையில் ஏற்றிவிடலாம். உங்கள் பில்லின் அடியில் அந்தப் பெயரில் ஒரு சிறு தொகை இருந்தால் யாரும் ஏமாற்றிவிடவில்லை என்று அறிக. இந்த ஏற்பாடு அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூனில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு நிதிக்குச் சாதகமாக வந்தது.

முதல் படி: தகுதி இருக்கிறதா?

உள்ளே போக இரண்டு வாசல்கள் உண்டு, ஒன்று போதும்.

எளிய வாசல், ஏற்கெனவே வேறோர் அரசு உதவியில் இருப்பது. ஸ்நாப் எனப்படும் உணவு உதவி, குறைந்த வருமானமுள்ளவர்களுக்கான மருத்துவ உதவியான மெடிகெய்ட், வருமானம் குறைந்த முதியோருக்கும் உடல் இயலாதோருக்கும் மாதந்தோறும் தரும் எஸ்.எஸ்.ஐ., மத்திய அரசின் பொது வீட்டுவசதி உதவி, முன்னாள் படைவீரர் ஓய்வூதியமும் அவர்களின் குடும்பத்தாருக்கான உதவியும் ஆகியவை இதில் அடங்கும். குடும்பத்தில் யாராவது ஒருவர் இவற்றில் ஒன்றில் இருந்தாலே போதும். பூர்வகுடி நிலங்களில் வசிப்பவர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அவர்களுக்குத் தள்ளுபடியும் மாதம் 34.25 டாலர் வரை போகும்.

நம்மவர்கள் அடிக்கடி தடுக்கி விழுகிற இடம் இதுதான். மெடிகேர் வேறு, மெடிகெய்ட் வேறு. அறுபத்தைந்து வயதானவர்களுக்கான மெடிகேர் அட்டையைக் காட்டி லைஃப்லைன் வாங்க முடியாது. எஸ்.எஸ்.ஐ. செல்லும், வேலை பார்த்தவர் உடல் இயலாமல் போனால் கிடைக்கும் எஸ்.எஸ்.டி.ஐ. செல்லாது. பள்ளியில் இலவச மதிய உணவு, தாய்சேய் ஊட்டச்சத்துக்கான விக், கல்லூரி மாணவருக்கான பெல் உதவித்தொகை ஆகியவையும் இங்கே உதவா. அவை இன்னொரு திட்டத்தில் செல்லுபடியாயின. மாதம் 30 டாலர் தந்த அஃபோர்டபிள் கனெக்டிவிட்டி என்ற அந்தத் திட்டம், பணம் தீர்ந்து 2024 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இரண்டு கோடியே முப்பது லட்சம் குடும்பங்கள் அதில் இருந்தன. அதன் பெயரைச் சொல்லி இன்றைக்கும் யாராவது குறுஞ்செய்தி அனுப்பினால் அழித்துவிடுங்கள்.

இரண்டாவது வாசல் வருமானம். குடும்பத்தின் மொத்த வருமானம் மத்திய அரசின் வறுமை அளவுகோலில் 135 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2025-ஆம் ஆண்டுக் கணக்கில் தனியாள் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 21,128 டாலர், நால்வர் குடும்பம் என்றால் 43,403 டாலர். அலாஸ்காவிலும் ஹவாயிலும் இது அதிகம். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் இந்த எண்கள் மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் புதிய அட்டவணையைப் பாருங்கள்.

மகன் அழைத்துக்கொண்டதால் கிரீன் கார்டோடு வந்து, அவர் வீட்டிலேயே தங்கியிருக்கும் பெற்றோர் நிறையப் பேர் கேட்கிறார்கள்: "எங்களுக்குத்தான் வருமானமே இல்லையே?" உங்களுக்கு இல்லை, மகனுக்கு இருக்கிறது. ஒரே உலையில் சோறு, ஒரே பணப்பை என்றால் இந்தத் திட்டத்தின் கண்ணில் நீங்கள் ஒரே குடும்பம். மகனுடைய சம்பளமும் கணக்கில் சேரும். ஸ்நாப், மெடிகெய்ட் வழியாக வரலாம் என்றால், கிரீன் கார்டு பெற்று வந்த பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்தாண்டுக் காத்திருப்பு உண்டு. வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர்கள் அரசு உதவி எதற்கும் மனுப் போடுமுன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. 9.25 டாலருக்காக விசாவில் சிக்கலை வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் படி: பெயரை ஒழுங்கு செய்யுங்கள்

கணினிக்கு முன் உட்காருமுன் உங்கள் தாள்கள் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்புங்கள். கடவுச்சீட்டு, சோஷியல் செக்யூரிட்டி அட்டை, மாநில அடையாள அட்டை, உதவித் திட்டக் கடிதம். ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

நான் செய்த ஒரு விண்ணப்பத்தைச் சொல்கிறேன். ஓர் அம்மாளுக்குக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டமே காலி. விசாவில் அவருடைய ஒரே பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்ற மூன்று எழுத்து ஏறியிருந்தது. முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் கணவர் பெயர் பின்னால் சேர்ந்திருந்தது. மெடிகெய்ட் கடிதத்திலோ அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் இருந்தது. ஒரே ஆள், கணினிக்கு நான்கு பேர். கணினி 'அடையாளம் உறுதிசெய்ய முடியவில்லை' என்று சொன்னபோது அவருக்குத் தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாகவே தோன்றிவிட்டது.

படிவம் கேட்பது உங்கள் சட்டப்படியான பெயரை, அதாவது சோஷியல் செக்யூரிட்டி அட்டையிலோ மாநில அடையாள அட்டையிலோ இருப்பதை. அட்டையில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே இடுங்கள். முதலெழுத்தை விரிக்காதீர்கள், சுருக்கவும் செய்யாதீர்கள். உதவித் திட்டக் கோப்பில் வேறு விதமாக இருந்தால், முதலில் அந்த அலுவலகத்தில் திருத்தச் சொல்லுங்கள். அந்த அம்மாளுக்கு மெடிகெய்ட் கோப்பில் பெயரைத் திருத்த மூன்று வாரம் ஆனது. அதன்பிறகு லைஃப்லைன் ஒப்புதல் சில நிமிடங்களில் வந்துவிட்டது.

பிறந்த தேதியிலும் கவனம் வேண்டும். இங்கே மாதம் முதலில், நாள் பிறகு. மே 8 என்பதை நம் வழக்கப்படி 08/05 என்று எழுதினால் நீங்கள் ஆகஸ்ட்டில் பிறந்தவர் ஆகிவிடுவீர்கள்.

மூன்றாம் படி: முகவரியும் 'ஒரு குடும்பம்' என்ற விதியும்

ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு லைஃப்லைன் சலுகைதான். கணவருக்குக் கைபேசி, மனைவிக்கு வீட்டு இணையம் என்று இரண்டாக வாங்க முடியாது. ஆனால் ஒரே முகவரியில் இரண்டு குடும்பம் இருக்கலாம். ஒரு வீட்டை மூன்று குடும்பங்கள் பங்கிட்டு, அவரவர் வரவுசெலவைத் தனித்தனியே பார்த்துக்கொண்டால் மூவருக்கும் தனித்தனிச் சலுகை உண்டு. அந்த முகவரியில் ஏற்கெனவே ஒருவர் சலுகை பெறுகிறார் என்று கணினி தடுத்தால், குடும்பப் பணித்தாள் என்ற 5631-ஆம் எண் படிவம் வரும். வருமானத்தையும் செலவையும் பகிர்ந்துகொள்கிறீர்களா என்று அதில் கேள்விகள் இருக்கும். உண்மையை எழுதுங்கள். பொய்ச் சான்றொப்பம் தண்டனைக்குரியது என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறது.

அடுக்ககத்தில் இருப்பவர்கள் வீட்டு எண்ணை விட்டுவிடக் கூடாது. அஞ்சல் பெட்டி எண்ணைக் கடிதம் வருவதற்குக் கொடுக்கலாம், வசிக்கும் இடமாகக் கொடுக்க முடியாது. நிலையான வீடு இல்லாதவர்களும் தற்காலிக முகவரி என்று குறித்து விண்ணப்பிக்கலாம்.

நான்காம் படி: விண்ணப்பம்

திட்டத்தை எஃப்.சி.சி.க்காக நடத்துவது யூசாக் என்ற அமைப்பு. தகுதியைச் சரிபார்க்கும் அதன் கணினிக்கு நேஷனல் வெரிஃபையர் என்று பெயர். லைஃப்லைன் சப்போர்ட் டாட் ஆர்க் என்ற தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், 5629-ஆம் எண் படிவத்தை அஞ்சலில் அனுப்பலாம், அல்லது நிறுவனத்தின் வழியாகச் செய்யலாம். உதவிக்கு 1-800-234-9473 என்ற எண்ணில் கூப்பிடலாம். டெக்சஸ், ஓரிகன் போன்ற மாநிலங்களுக்குத் தனி நடைமுறை உண்டு. கலிபோர்னியா மாநில அரசு தன் பங்குக்குக் கூடுதல் தள்ளுபடியும் தருகிறது.

நீங்களே செய்வதைத்தான் நான் சொல்வேன். அங்காடி வாசலில் கூடாரம் போட்டு, கையில் டேப்லெட்டோடு நிற்கும் முகவர்களிடம் விவரத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு எந்த நிறுவனத்தில் சேர்த்தார்கள் என்றே தெரியாமல் தவித்தவர்கள் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். ஆள் சேர்ப்பதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் தரக் கூடாது என எஃப்.சி.சி. தடை போட்டதே இத்தகைய முறைகேடுகளால்தான்.

சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கேட்பார்கள். அது இல்லாதவர்கள் கடவுச்சீட்டு போன்ற மாற்று அடையாளச் சான்றை ஏற்றலாம். உதவித் திட்டத்தைக் காட்ட, கடந்த 12 மாதத்துக்குள் தேதியிட்ட கடிதம் வேண்டும். அதில் உங்கள் பெயர், திட்டத்தின் பெயர், தந்த அலுவலகத்தின் பெயர், தேதி நான்கும் தெரிய வேண்டும். வருமானத்தைக் காட்ட, முந்தைய ஆண்டின் வரிக் கணக்கு அல்லது தொடர்ச்சியான மூன்று மாதச் சம்பளச் சீட்டு. ஒரு மாதச் சீட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது வீண். படம் எடுக்கும்போது தாளின் நான்கு மூலையும் விழட்டும், தேதியின் மேல் விரல் நிழல் விழ வேண்டாம்.

குறை இருந்தால் சரிசெய்ய 45 நாள் தருவார்கள். ஒப்புதல் வந்தபின் 90 நாளுக்குள் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாக வேண்டும். ஒப்புதல் வந்ததுமே தொலைபேசி வீடு தேடி வரும் என்று சிலர் காத்துக்கொண்டே இருக்கிறார்கள். அது தானாக வராது.

ஐந்தாம் படி: நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது

எல்லா நிறுவனமும் லைஃப்லைன் தருவதில்லை. உங்கள் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் அருகில் யார் தருகிறார்கள் என்று அதே தளம் காட்டும். குறைந்தபட்சத் தரம் வரையறுக்கப்பட்டிருக்கிறது: கைபேசியில் அழைப்பு என்றால் மாதம் 1,000 நிமிடம், கைபேசி இணையம் என்றால் 2020 டிசம்பர் முதல் 4.5 ஜிபி. குரல் அழைப்பு மட்டுமே உள்ள இணைப்புக்குத் தள்ளுபடி 9.25 அல்ல, 5.25 டாலர்தான். கைபேசிக் கருவிக்குத் திட்டம் பணம் தருவதில்லை. நிறுவனம் கொடுத்தால் அது அதன் விருப்பம், வாங்கும்போது எதிர்பார்ப்பைக் குறைத்தே வைத்திருங்கள்.

காசு கொடுத்து வாங்கும் இணையத்துக்கு 9.25-ஐக் கழித்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் கட்டணத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். உணவுப் பொட்டலத்தின் பின்னால் சத்துப் பட்டியல் இருப்பதைப் போல, இணையத் திட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விவரச் சீட்டு காட்டப்பட வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து பெரிய நிறுவனங்களுக்கும், அக்டோபரிலிருந்து சிறியவற்றுக்கும் விதி. விளம்பரத்தை விட்டுவிட்டு அந்தச் சீட்டைக் கேளுங்கள்.

ஒரு கற்பனைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் 30 டாலர். சீட்டைப் பார்த்தால், இது அறிமுகக் கட்டணம், 12 மாதம் கழித்து 55 என்று இருக்கும். அதற்குக் கீழே மோடம் வாடகை மாதம் 10. அதற்கும் கீழே முன்கூட்டியே விலகினால் தனித் தண்டம். இரண்டாம் ஆண்டில் நீங்கள் கட்டப்போவது 65. தள்ளுபடி போக 55.75. பக்கத்திலேயே அறிமுகக் கட்டணம் இல்லாமல் 45 டாலருக்கு, மோடத்தோடு ஒரு திட்டம் இருந்தால் தள்ளுபடி போக 35.75. முதல் மாதத்தை மட்டும் பார்க்கிறவர் முதல் திட்டத்தைத்தான் எடுப்பார்.

நியூயார்க் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி: 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டப்படி, தகுதியுள்ள குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பெரிய நிறுவனங்கள் நொடிக்கு 25 மெகாபிட் வேக இணையத்தை மாதம் 15 டாலருக்கோ 200 மெகாபிட் வேக இணையத்தை 20 டாலருக்கோ தர வேண்டும்.

சிற்றூர்களில் குடியேறியவர்கள் கேட்கும் கேள்வி வேறு: "இங்கே ஒரே நிறுவனம்தான். அவர்கள் சொல்வது நியாயமான விலையா?" 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், சிற்றூர்க் கட்டணம் நகரக் கட்டணத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. அதற்காக எஃப்.சி.சி. ஆண்டுதோறும் நகர்ப்புறக் கட்டண ஆய்வு நடத்துகிறது. நகரங்களில் வீட்டுத் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் நிறுவனங்கள் என்ன வாங்குகின்றன என்று திரட்டி, சராசரிக்கு மேல் இரண்டு திட்ட விலக்கம் வரை சேர்த்து ஓர் உச்ச அளவைக் குறிக்கிறது. திட்ட விலக்கம் என்பது, கட்டணங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் புள்ளியியல் அளவு. செலவு மிகுந்த பகுதிகளுக்கான மானியம் வாங்கும் நிறுவனங்கள், தங்கள் கட்டணம் அந்த அளவைத் தாண்டவில்லை என்று உறுதி கூற வேண்டும். இதில் ஒரு நெருடல் உண்டு. சராசரிக்கு மேல் இரண்டு திட்ட விலக்கம் என்பது ஏறக்குறைய நகரத்தின் மிக விலையுயர்ந்த கட்டணம்வரை அனுமதிப்பதாகும். 'ஒப்பிடத்தக்கது' என்றால் மலிவு என்று பொருளில்லை. ஆய்வின் தரவு யாரும் இறக்கிக்கொள்ளும் அட்டவணையாகவே வெளியாகிறது. உங்கள் வேகத்துக்கு இணையான வரியைத் தேடிப் பார்த்துவிட்டு நிறுவனத்தோடு பேசினால் பேச்சில் ஒரு பலம் இருக்கும்.

குடும்ப இணைப்பிலிருந்து பிரிய வேண்டியவர்களுக்கு

கணவர் பெயரில் உள்ள குடும்பத் திட்டத்தில் மாட்டிக்கொண்டு, வீட்டில் வன்முறைக்கு ஆளாகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2022-இல் இயற்றப்பட்ட பாதுகாப்பான இணைப்புகள் சட்டப்படி, உரிய சான்றோடு கேட்டால் நிறுவனம் இரண்டு வேலை நாளுக்குள் உங்கள் எண்ணைத் தனியாகப் பிரித்துத் தர வேண்டும். பணமுடையில் இருந்தால் ஆறு மாதம் வரை லைஃப்லைன் உதவியும் கிடைக்கும், அதற்கான வருமான வரம்பும் தளர்வானது. இன்னொன்று: மாதக் கட்டணம் கட்டாத, இணைப்பே இல்லாத கைபேசியிலிருந்தும் 911 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க முடியும். ஆனால் அங்கே இருப்பவர்களால் உங்களைத் திரும்ப அழைக்க முடியாது, ஆகவே இருக்கும் இடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஆறாம் படி: கிடைத்ததை இழக்காமல் இருப்பது

என்னிடம் வந்த பெரியவர் ஒருவர் நாள் முழுக்கக் கைபேசியும் கையுமாக இருப்பவர். ஊரில் இருக்கும் தங்கையோடு வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு மணி நேரம் பேசுவார். அப்படியும் இணைப்பு துண்டிக்கப்பட்டது, பயன்படுத்தவில்லை என்று காரணம் சொன்னார்கள். அவர் பொங்கிவிட்டார். கருவியை வாங்கிப் பார்த்தேன். வீட்டு வைஃபையில் இருந்தது, சிம்மின் டேட்டா அணைந்து கிடந்தது. பேரன் 'டேட்டா வீணாகாமல் இருக்க' அணைத்து வைத்திருக்கிறான். அத்தனை பேச்சும் வைஃபையில்தான் போயிருக்கிறது, நிறுவனத்தின் கணக்கில் ஒரு நொடிகூடப் பதியவில்லை.

விதி இதுதான்: மாதக் கட்டணம் இல்லாத இணைப்பை 30 நாள் பயன்படுத்தாவிட்டால் எச்சரிக்கை வரும், அடுத்த 15 நாளிலும் பயன்படுத்தாவிட்டால் பெயர் நீங்கிவிடும். சிம் வழியாக ஒரு வெளி அழைப்பு, ஒரு குறுஞ்செய்தி, கொஞ்சம் டேட்டா, அல்லது நிறுவனம் அல்லாத வேறொருவரின் அழைப்பை எடுப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று போதும்.

ஆண்டுக்கொருமுறை தகுதியைப் புதுப்பிக்க வேண்டும். கணினியே உறுதிசெய்துவிட்டால் தொல்லை இல்லை. இல்லாவிட்டால் கடிதமோ செய்தியோ வரும், பதில் தர 60 நாள். விளம்பரக் கடிதம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுவதுதான் நம் வீடுகளில் நடப்பது. வீடு மாறினாலோ, வேலை கிடைத்து வருமானம் வரம்பைத் தாண்டினாலோ 30 நாளுக்குள் நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் சலுகையை வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். புகார் இருந்தால் எஃப்.சி.சி.யின் 1-888-225-5322 எண்ணிலோ அதன் புகார்த் தளத்திலோ பதியுங்கள், கட்டணம் இல்லை. புகார் போய்ச் சேர்ந்தால் நிறுவனம் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பெரியவருக்கு மறுபடி விண்ணப்பித்துப் புது எண் வாங்கிக் கொடுத்தோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வைஃபையை அணைத்துவிட்டு எனக்கு ஓர் அழைப்பு வரும். "தம்பி, கணக்குக்குத்தான் கூப்பிட்டேன்" என்பார். பிறகு அரை மணி நேரம் பேசுவார்.